சொல்லின் அர்த்தம் எங்கே இருக்கிறது?

ஒரு சொல்லுக்கு அர்த்தம் இருக்கிறது என்றால் அது எப்படிப்பட்ட இருப்பு, அகராதியில் ஒரு சொல்லுக்கு நேரே இன்னொரு சொல்லும் அதற்கு நேரே மற்றொரு சொல்லும்தானே கிடைக்கின்றன, இந்தச் சுற்று எங்கே போய் நிற்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, கருமேகத்துக்கு மழை என்றும் வாகைப் பூவுக்கு வெற்றி என்றும் பொருள்களுக்கும் அர்த்தம் சொல்கிறோமே, அதுவும் சொல்லின் அர்த்தமும் ஒரே வகைதானா என்றும் கேட்கிறீர்கள். இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்த கேள்விகள்; ஆனால் முதலாவது ஓரளவு தெளிந்த பிறகுதான் இரண்டாவதைத் தொட முடியும். நம் இலக்கண நூல்கள் அர்த்தத்தையும் உலகத்துப் பண்டங்களையும் 'பொருள்' என்ற ஒரே சொல்லால் குறிப்பதால், குழப்பத்தைத் தவிர்க்க நான் முன்னதை அர்த்தம் என்றும் பின்னதைப் பொருள் என்றும் எழுதுகிறேன். நூற்பாக்களை எடுத்துக்காட்டும் இடங்களில் மட்டும் அவற்றின் சொல்லாட்சி அப்படியே நிற்கும்.

அகராதிச் சுற்று புதிய சிக்கல் அன்று. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் உரியியல், வழக்கில் அதிகம் பயிலாத சொற்களுக்கு அர்த்தம் சொல்வதற்கென்றே அமைந்த இயல். 'உறுதவ நனியென வரூஉம் மூன்றும் மிகுதி செய்யும் பொருள' என்பது போன்ற நூற்பாக்களை அடுக்கிக்கொண்டு போகும் ஆசிரியர், இயலின் இறுதிப் பகுதியில் சற்று நின்று, தாம் அதுவரை செய்துவந்த வேலையையே கேள்விக்கு உட்படுத்துகிறார். உறு என்றால் மிகுதி என்று சொல்லியாயிற்று. மிகுதி என்றால் என்ன என்று மாணாக்கன் கேட்டால் என்ன செய்வது? அதற்கு ஒரு சொல்லைத் தந்தால், அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அவன் மறுபடியும் கேட்கலாம். 'பொருட்குப் பொருள்தெரியின் அதுவரம் பின்றே' என்கிறது நூற்பா. அர்த்தத்துக்கு அர்த்தம் தேடிப் போனால் அந்தத் தேட்டத்துக்கு எல்லையே கிடையாது. 1990இல் ஸ்டீவன் ஹர்னாட் என்ற ஆய்வாளர் இதே சிக்கலைக் கணினியை முன்வைத்து எழுப்பினார். சீனத்தில் ஓர் எழுத்தும் அறியாத ஒருவரிடம், சீனச் சொற்களுக்குச் சீனத்திலேயே விளக்கம் தரும் அகராதி ஒன்றை மட்டும் கொடுத்து மொழியைக் கற்கச் சொன்னால், அவர் புரியாத குறி ஒன்றிலிருந்து புரியாத வேறொரு குறிக்குப் போய்க்கொண்டே இருப்பார். கணினிக்குள் இருக்கும் குறிகளின் நிலையும் அதுதானே என்பது அவர் கேள்வி.

தொல்காப்பியர் சிக்கலைச் சொன்னதோடு நிறுத்திக்கொள்ளவில்லை என்பதுதான் எனக்கு வியப்பாக இருக்கிறது. அடுத்த இரண்டு நூற்பாக்களில் சுற்று நிற்கும் இடத்தையும் சொல்லிவிடுகிறார்: 'பொருட்குத் திரிபில்லை உணர்த்த வல்லின்', 'உணர்ச்சி வாயில் உணர்வோர் வலித்தே'. உணர்த்துபவர் வல்லவராக இருந்தால் அர்த்தம் திரிபடையாது. உணரும் வழியோ உணர்பவரின் ஆற்றலைப் பற்றி நிற்கிறது. ஒரு சொல்லால் விளங்காதவருக்குத் தொடரால் விளக்கலாம், தொடராலும் விளங்காதவருக்குப் பொருளையே காட்டலாம் என்ற திசையில் உரைமரபு இதை விரித்துக்கொண்டு போகிறது. இதற்கான அடித்தளம் இயலின் தொடக்கத்திலேயே போடப்பட்டிருக்கிறது. 'பயிலாதவற்றைப் பயின்றவை சார்த்தி' விளக்குவது தம் முறை என்றும், 'வெளிப்படு சொல்லே கிளத்தல் வேண்டா' என்றும் அவர் முன்பே சொல்லியிருக்கிறார். அறியாத சொல்லை அறிந்த சொல்லோடு சேர்த்துக் கட்டுவதே விளக்கம். ஆனால் அந்த அறிந்த சொல் இன்னொரு விளக்கத்தால் அறியப்பட்டதன்று, பயின்று பயின்று கைவந்தது. ஆகவே அகராதி என்பது ஏற்கெனவே மொழிக்குள் குடியிருப்பவர்களுக்கு எழுதப்படுவது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகன் முழுவதையும் ஒருவர் மனப்பாடமாக ஒப்பிக்கலாம். 'இங்கே வா' என்றால் வரவும் 'அதை எடு' என்றால் எடுக்கவும் அவருக்குத் தெரியவில்லை என்றால், அவருக்குத் தமிழ் தெரியும் என்று யாரும் சொல்ல மாட்டோம்.

பயிற்சி எப்படித் தொடங்குகிறது என்று கேட்டால், பொருளைச் சுட்டிக்காட்டித் தொடங்குகிறது என்பதே எல்லோருக்கும் முதலில் தோன்றும் விடை. அந்த விடை போதாது. பசுவைக் காட்டிப் 'பசு' என்று சொன்னால், குழந்தை அந்த ஒலியை நிறத்துக்கோ கொம்புக்கோ மேய்தலுக்கோ, அந்த ஒரு மாட்டின் செல்லப் பெயராகவோ எடுத்துக்கொள்வதற்குத் தடை ஏதும் இல்லை. சுட்டுவிரல் எதைச் சுட்டுகிறது என்பது தெரிய வேண்டுமானால் பாதி மொழி ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். தத்துவ அறிஞர் லுட்விக் விட்கென்ஸ்டைன் இதை மிக விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அவர் காலமாகி இரண்டு ஆண்டுகள் கழித்து, 1953இல் வெளிவந்த நூலின் தொடக்கப் பக்கங்களே இதைப் பற்றியவை. சொல்லின் அர்த்தம் என்பது, எல்லா இடங்களிலும் இல்லாவிட்டாலும் பெரும்பாலான இடங்களில், மொழியில் அதன் பயன்பாடே என்று அவர் அதில் எழுதினார்.

ஏறக்குறைய 1,300 ஆண்டுகளுக்கு முன்பே, வேத வாக்கியங்களின் அர்த்தத்தை ஆராய்ந்த தத்துவ மரபினரான மீமாம்சகர்கள் இந்த இடத்தில் நின்று யோசித்திருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் காட்சி எளிமையானது. பெரியவர் ஒருவர் இளையவரிடம் 'பசுவைக் கொண்டுவா' என்கிறார். இளையவர் போய் ஒரு விலங்கை ஓட்டி வருகிறார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு அந்த முழு ஒலிக்கும் அந்த முழுச் செயலுக்கும் ஏதோ தொடர்பு உண்டு என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. சற்று நேரத்தில் 'பசுவைக் கட்டு' என்ற குரல் கேட்கிறது. விலங்கு அதுவே, நடக்கும் காரியம் வேறு. பிறகு 'குதிரையைக் கொண்டுவா' என்று கேட்கிறது. காரியம் முன்னதே, வந்த விலங்கு வேறு. ஒலியில் எது நின்றது, எது விலகியது, அதோடு கூடவே கண்முன் எது நின்றது, எது விலகியது என்று சேர்த்தும் கழித்தும் பார்த்துக் குழந்தை சொற்களைத் தனித்தனியாகப் பிரித்துக்கொள்கிறது. முதலில் கிடைப்பது சொல் அன்று, ஒரு காரியத்துக்கு நடுவே ஒலிக்கும் வாக்கியம். இதிலிருந்துதான் அவர்களுள் பிரபாகரர் என்ற ஆசிரியரின் மரபினர், சொற்கள் ஒன்றோடொன்று இயைந்த நிலையில்தான் அர்த்தம் தருகின்றன என்ற முடிவுக்கு வந்தார்கள். குமாரிலர் என்ற மற்றோர் ஆசிரியரின் மரபினரோ, ஒவ்வொரு சொல்லும் முதலில் தன் அர்த்தத்தைத் தனியே தருகிறது, பிறகுதான் அவை வாக்கியத்தில் இணைகின்றன என்றார்கள். இரண்டு கட்சிக்கும் வலுவான வாதங்கள் உண்டு. முன்பின் கேட்டறியாத ஒரு வாக்கியம்கூட உடனே புரிகிறதென்றால், சொற்களுக்குத் தனியே ஏதோ ஒன்று சொந்தமாக இருக்கத்தான் வேண்டும் என்பதால் குமாரிலர் பக்கத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் தமிழ்ப் பழம்பாடல்களைப் படித்துப் பழகியவருக்குப் பிரபாகரர் பக்கம் சாயத் தோன்றும். 'கடி' என்ற ஒரு சொல்லுக்கு வரைவு, கூர்மை, காப்பு, புதுமை, விரைவு எனத் தொடங்கிப் பத்து அர்த்தங்களை ஒரே நூற்பாவில் தொல்காப்பியம் வரிசைப்படுத்துகிறது, அடுத்த நூற்பாவில் இன்னும் இரண்டைச் சேர்க்கிறது. கடிநகர் என்றால் காவலுள்ள நகர், கடிமலர் என்றால் புதுமலர். அடுத்து நிற்கும் சொல் தெரியும்வரை 'கடி' என்ன சொல்கிறது என்று யாரும் சொல்லிவிட முடியாது.

இனி, இந்த ஒலிக்கு இந்த அர்த்தம் என்று ஏன் அமைந்தது? சொல்லுக்கும் அது குறிக்கும் பொருளுக்கும் இடையே உள்ள உறவு இயற்கையானது, யாரும் ஏற்படுத்தியதன்று என்பது மீமாம்சகர் கொள்கை. அதை மறுத்த, தருக்க மரபின் மூலநூலான நியாய சூத்திரம் ஒரு குறும்பான கேள்வி கேட்கிறது. உறவு இயற்கையானது என்றால், சோறு என்றதும் வாய் நிறைய வேண்டும், நெருப்பு என்றதும் வாய் வேக வேண்டும், வாள் என்றதும் வாய் அறுபட வேண்டுமே, ஏன் அப்படி நடப்பதில்லை? 'நெருப்பு என்றால் வாய் வெந்துவிடுமா' என்று நம் ஊர்ப் பாட்டிகள் கேட்பதும் இதே கேள்விதான். அந்த மரபினரான நையாயிகர்களுக்கு உறவு என்பது ஏற்பாடு, வழக்கம். மொழியியலாளர் பெர்தினான் த சொசூரும், தம் மறைவுக்குப் பிறகு 1916இல் வெளியான பாடங்களில், ஒலிக்கும் கருத்துக்கும் இடையே இயல்பான காரணம் எதுவும் இல்லை என்பதையே மொழியியலின் முதல் கொள்கையாக வைத்தார். தொல்காப்பியம் இந்த இடத்தில் எடுக்கும் நிலை நுட்பமானது: 'மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா'. காரணம் இல்லை என்று அது சொல்லவில்லை, வெளிப்படையாகத் தோன்றாது என்கிறது. உறவு இயற்கை என்பாரும் பிற காரணத்தால் என்பாரும் இருப்பதைக் குறிப்பிடும் உரையாசிரியர் சேனாவரையர், நூற்பா 'இல்லை' என்னாமல் 'விழிப்பத் தோன்றா' என்றதன் நயத்தை எடுத்துக்காட்டுகிறார்.

காரணம் தெரிந்த சொற்களிலும் அந்தக் காரணம் அர்த்தத்தை ஆள்வதில்லை. நன்னூல் பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பிரிக்கும். பள்ளியில் நாற்காலியைக் காரணப் பெயருக்கு எடுத்துக்காட்டாகப் படித்திருப்போம். இன்றைய அலுவலகங்களில் உட்காரும் சுழல் நாற்காலிக்கு நடுவே ஒரு தண்டும் கீழே ஐந்து கைகளும் ஐந்து சக்கரங்களும் இருக்கின்றன. அதை ஐங்காலி என்று யாரும் சொல்வதில்லை. நான்கு கால் உள்ள மாட்டையும் கட்டிலையும் நாற்காலி என்பதில்லை. பெயர் பிறந்த கதை வேறு, பெயர் இன்று செய்யும் வேலை வேறு. இதை மறந்துவிட்டு, சொற்களை எழுத்தெழுத்தாகப் பிய்த்து ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் அர்த்தம் கற்பித்து, 'இதுதான் இச்சொல்லின் உண்மையான அர்த்தம்' என்று பரப்பும் வழக்கம் இப்போது மிகுந்துவிட்டது. உரியியலின் அதே பகுதியில், 'எழுத்துப்பிரிந் திசைத்தல் இவணியல் பின்றே' என்று உரிச்சொற்களைப் பற்றிச் சொல்லப்பட்டிருப்பதை அவர்கள் ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

அடுத்த ஐயம்: சொல் குறிக்கும் பொருளே அதன் அர்த்தம் என்று வைத்துக்கொண்டால் என்ன? எளிதாகத்தான் இருக்கும், ஆனால் நிலைக்காது. விடியற்காலையில் கிழக்கே தெரிவது விடிவெள்ளி. மாலையில் மேற்கே தெரிவது அந்திவெள்ளி. இரண்டும் வெள்ளி என்ற ஒரே கோள். அர்த்தம் என்பது பொருளே என்றால், 'விடிவெள்ளிதான் அந்திவெள்ளி' என்ற வாக்கியமும் 'விடிவெள்ளிதான் விடிவெள்ளி' என்ற வாக்கியமும் ஒரே செய்தியைச் சொல்ல வேண்டும். ஆனால் முதலாவதைக் கண்டுபிடிக்க வானியல் தேவைப்பட்டது, இரண்டாவதற்கு எதுவும் தேவையில்லை. ஜெர்மானியக் கணிதவியலாளர் கோட்லோப் ஃபிரேகே 1892இல் எழுதிய கட்டுரையில் இதைக் கொண்டுதான், சொல் சுட்டும் பொருள் ஒன்று, அந்தப் பொருளை அது நமக்கு முன்வைக்கும் விதம் வேறொன்று என்று பிரித்துக் காட்டினார். முயற்கொம்பு என்ற சொல்லும் இதையே வேறு பக்கத்திலிருந்து காட்டுகிறது. அப்படி ஒரு பொருள் உலகத்தில் இல்லை. ஆனாலும் சொல் நன்றாகப் புரிகிறது. புரிவதால்தானே அது இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது.

சரி, அர்த்தம் வெளியே பொருளில் இல்லை என்றால் உள்ளே மனத்தில் இருக்கிறதா? பலருக்கும் இதுவே முடிந்த முடிவு, எனக்கு உடன்பாடில்லை. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களைப் பெயர் சொல்லி அடுக்குகிறார். அவற்றுள் காந்தளையும் தாமரையையும் நம்மில் பலர் அடையாளம் காட்டுவோம். கோங்கம், வேங்கை, ஞாழல் என்று வரும்போது நம் மனத்தில் இருப்பதெல்லாம் 'ஏதோ ஒரு மரத்தின் பூ' என்பதுதான். மூன்றுக்கும் மனத்தில் இருப்பது ஒன்றே. ஆனால் மூன்று சொற்களும் ஒரே அர்த்தம் உடையவை அல்ல. அப்படியானால் வேற்றுமை எங்கே இருக்கிறது? தத்துவ அறிஞர் ஹிலரி பட்னம் 1975இல் தந்த விடை: மொழியிலும் வேலைப் பங்கீடு உண்டு. வேங்கையையும் கோங்கையும் பிரித்தறியும் வேலையைக் காட்டை அறிந்தவரும் தாவரவியலாளரும் செய்கிறார்கள். நாம் அந்தச் சொல்லை அவர்கள் பொறுப்பில் கடனாக வாங்கிப் பயன்படுத்துகிறோம். பொன் என்ற சொல்லை எல்லோரும் சொல்கிறோம், உரைத்துப் பார்க்க ஆசாரியிடம் போகிறோம். இந்தப் பங்கீடு அறுந்துபோனால் என்ன ஆகும் என்பதற்கும் குறிஞ்சிப்பாட்டிலேயே சான்று இருக்கிறது. அம்மலர்களில் சிலவற்றுக்கு இன்ன செடிதான் என்று அடையாளம் காண்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு நீடிக்கிறது. பூத்த செடி இன்றும் எங்கோ பூத்துக்கொண்டுதான் இருக்கும்; சொல்லும் பாட்டில் இருக்கிறது; இரண்டையும் சேர்த்துப் பிடித்திருந்த மனிதர்களின் வழக்கம்தான் இடையில் விட்டுப்போயிற்று.

வழக்கம் என்று சொல்லும்போது, ஒருவரோ ஒரு குழுவோ நினைத்தால் அதை ஏற்படுத்திவிடலாம் என்று கருதக் கூடாது. பேருந்து என்ற ஆக்கச் சொல் எழுத்தில் உறுதியாக நிலைபெற்றது, கணினியும் அப்படியே. காபிக்கு ஆக்கிய குளம்பி என்ற சொல்லைத் தெரியாத தமிழ் வாசகர் இருக்க மாட்டார். ஆனால் கடைக்குப் போய் 'ஒரு குளம்பி கொடுங்கள்' என்று வேடிக்கைக்கு அல்லாமல் கேட்பவரை நான் பார்த்ததில்லை. மூன்றும் கவனமாக ஆக்கப்பட்ட சொற்களே. முன்மொழிவது புலவர் கையில் இருக்கிறது, வழிமொழிவது அவர் கையில் இல்லை.

சொல்லின் அர்த்தத்தோடு, சொல்பவர் கருதிய அர்த்தம் என்று ஒன்றும் இருக்கிறது. 'தெரிபுவேறு நிலையலும் குறிப்பில் தோன்றலும் இருபாற் றென்ப பொருண்மை நிலையே' என்று பெயரியலில் ஒரு நூற்பா உண்டு. அர்த்தம் வெளிப்படையாகவும் நிற்கும், குறிப்பாகவும் தோன்றும். குறிப்புக்கு உரைகளில் வரும் எடுத்துக்காட்டு ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது: 'கற்கறித்து நன்கட்டாய்' என்பது. சாப்பிடுகிறவரின் பல்லில் கல் கடிபடுகிறது. 'நன்றாகச் சமைத்தாய்' என்கிறார். சொற்கள் பாராட்டுகின்றன, அவர் பாராட்டவில்லை, சமைத்தவருக்கு அது உடனே புரிகிறது. இங்கே 'நன்று' என்ற சொல்லின் அர்த்தம் 'தீது' என்று மாறிவிடவில்லை. அது 'நன்று' என்றே நிற்பதால்தான் குத்தல் வேலை செய்கிறது. கல் கடிபட்ட ஓசையும், அதைக் கேட்டவர் என்ன நினைப்பார் என்று சொன்னவர் கணித்ததும் சேர்ந்து மிச்சத்தைச் செய்கின்றன. இருபதாம் நூற்றாண்டில் இந்த வழிமுறையை நுணுக்கமாக வகுத்தவர் தத்துவ அறிஞர் பால் கிரைஸ். கேட்பவர் தன் நோக்கத்தை அறிந்துகொள்வார், அறிந்துகொள்வதாலேயே அந்த நோக்கம் நிறைவேறும் என்று எண்ணி ஒருவர் பேசுவதே ஒன்றைக் கருதிச் சொல்லுதல் என்பது அவர் 1957இல் முன்வைத்த விளக்கம்.

அதே கட்டுரையின் தொடக்கத்தில் அவர் செய்த ஒரு பிரிவுதான் உங்கள் இரண்டாம் கேள்விக்குத் திறவுகோல். கருமேகத்துக்கு மழை என்று அர்த்தம் என்கிறோம். நடத்துநர் இரண்டு விசில் கொடுத்தால் 'கிளம்பலாம்' என்று அர்த்தம் என்கிறோம். பேச்சு ஒன்றுபோல இருக்கிறது, விஷயம் முற்றிலும் வேறு. மேகத்தை யாரும் அனுப்பவில்லை. மேகம் வந்து மழை பெய்யாமல் போனால், அந்த மேகத்துக்கு மழை என்று அர்த்தம் இருக்கவில்லை, நாம்தான் தவறாகக் கணித்தோம் என்று சொல்வோம். மேகம் பொய் சொல்ல முடியாது. நகரப் பேருந்தில் நடப்பதைப் பாருங்கள். ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் எடு. கூட்டம் நெரியும் நேரத்தில் படிக்கட்டில் தொங்கும் மாணவன் ஒருவன் விளையாட்டாக இரண்டு விசில் அடிக்கிறான், ஓட்டுநர் வண்டியை எடுத்துவிடுகிறார், ஏறிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் தடுமாறுகிறார், நடத்துநர் கத்துகிறார். வண்டி கிளம்பத் தயாராக இல்லை, ஆனாலும் இரண்டு விசிலுக்குக் 'கிளம்பு' என்ற அர்த்தம் அப்போதும் இருந்தது. இருந்ததால்தான் ஓட்டுநர் ஏமாந்தார். கிரைஸ் எடுத்துக்காட்டியதும் பேருந்துதான். அவர் ஊரில் விசிலுக்குப் பதில் மணி. தவறாகவும் பொய்யாகவும் பயன்படுத்த இடம் கொடுப்பது இந்த இரண்டாம் வகை. சொற்கள் இந்த வகையைச் சேர்ந்தவை. புகை, காய்ச்சல், கால்தடம் எல்லாம் முதல் வகை. அவற்றில் 'அர்த்தம்' என்று சொல்வதைக் காரண காரியத் தொடர்பு என்று மாற்றிச் சொன்னாலும் எதுவும் குறைந்துவிடாது.

பொருள்களில் இரண்டாம் வகைக்கு, நம் நாட்டில் எல்லோரும் பார்த்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு எட்டு மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் பேசினார். அன்று நள்ளிரவு முதல் அப்போது புழக்கத்தில் இருந்த 500, 1000 ரூபாய் நோட்டுகள் சட்டப்படி செல்லாதவை ஆயின. தாளில் ஓர் எழுத்து அழியவில்லை, நீர்க்குறி மறையவில்லை, மதிப்பைத் தருவதாக ஆளுநர் கையெழுத்திட்ட உறுதிமொழி அப்படியே இருந்தது. எட்டு மணிக்கு முன் அந்த நோட்டை வாங்கிக்கொண்ட கடைக்காரர் மறுநாள் வாங்க மறுத்தார். நோட்டின் இயற்பியலில் தேடினால் இந்த மாற்றம் கிடைக்காது. இன்ன பொருள் இன்ன சூழலில் இன்னதாகக் கொள்ளப்படும் என்று ஒரு சமூகம் சேர்ந்து ஏற்பதால் உண்டாகும் நிலை இது என்று தத்துவ அறிஞர் ஜான் சேர்ல் 1995இல் எழுதிய நூலில் விளக்கினார். நோட்டுக்கும் சொல்லுக்கும் ஒரு வேற்றுமை உண்டு, அதைக் கவனிக்க வேண்டும். நோட்டுக்கு ரிசர்வ் வங்கி இருக்கிறது, செல்லாது என்று அறிவிக்க அரசு இருக்கிறது. சொல்லுக்கு அப்படி ஓர் அலுவலகம் கிடையாது. எந்த அறிவிப்பும் 'நெருப்பு' என்ற சொல்லை நள்ளிரவு முதல் செல்லாததாக்க முடியாது.

வாகைப் பூவைக் கேட்டிருந்தீர்கள். புறத்திணை மரபில் ஆநிரை கவரப் போகிறவர் வெட்சி சூடுவர், எதிர்நின்று பொருகிறவர் தும்பை சூடுவர், வென்றவர் வாகை சூடுவர். வாகைக்கும் வெற்றிக்கும் காரணத் தொடர்பு ஏதும் இல்லை; விசிலைப் போல இதுவும் ஏற்பாடு. இதில் சுவையான செய்தி பின்னால் நடந்ததுதான். போர் போயிற்று, பூச்சூடும் வழக்கம் போயிற்று, வாகை மரத்தைப் பார்த்தால் இன்னதென்று சொல்லத் தெரிந்தவர்களும் அருகிவிட்டார்கள். தேர்தல் முடிவு வந்த மறுநாள் நாளிதழில் 'வாகை சூடினார்' என்ற தலைப்பு மட்டும் தவறுவதில்லை. படத்தில் அவர் கழுத்தில் கிடப்பது ரோஜா மாலை. பூவுக்கு இருந்த அர்த்தம் சொல்லுக்குக் குடிபெயர்ந்து, பூ இல்லாமலே வாழ்கிறது. பொருளின் அர்த்தமும் சொல்லின் அர்த்தமும் ஒரே வகையா என்ற கேள்விக்கு, ஏற்பாட்டால் வரும் அர்த்தங்கள் எல்லாம் ஒரே குடும்பம், ஆகவேதான் இப்படி ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறிக் குடியேற முடிகிறது என்று நான் பதில் சொல்வேன். வாழ்க்கையின் அர்த்தம் என்ற பேச்சு மட்டும் இந்தக் குடும்பத்தில் சேராது. அங்கே நாம் கேட்பது 'எது முக்கியம்' என்பதை. அதற்கு அகராதியும் இலக்கணமும் துணைவராது என்பதால் அதை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

கடைசியாக ஒரு சோதனை. அறிந்தவர் ஒருவர்கூட மிஞ்சாத நிலையில் ஒரு குறிக்கு அர்த்தம் இருக்கிறது என்று சொல்லலாமா? மதுரைக்கு அருகே மாங்குளம் குன்றில் உள்ள குகைக் கல்வெட்டுகளை 1882இல் ராபர்ட் சூவெல் கவனித்துப் பதிவு செய்தார். இந்தியாவின் பழைய எழுத்தான பிராமியை ஜேம்ஸ் பிரின்செப் 1837லேயே படித்துவிட்டிருந்ததால், குகையில் இருந்த எழுத்துகளில் பெரும்பாலானவற்றின் ஒலி தெரிந்ததுதான். ஆனாலும் அவை தமிழ் என்று கே. வி. சுப்பிரமணிய ஐயர் 1924இல் நிறுவும்வரை வாசகங்கள் பிடிபடவில்லை. ற, ன, ழ, ள போன்ற எழுத்துகளைப் பிரித்துணர்ந்து தமிழாகப் படித்தபோது பாண்டியன் நெடுஞ்செழியன் பெயரும் கணி நந்தன் என்ற சமணத் துறவியின் பெயரும் அங்கே நின்றன. இடைப்பட்ட நூற்றாண்டுகளில் கல்லை எத்தனையோ பேர் பார்த்திருப்பார்கள். அவர்களுக்கு அது கீறல். அந்தக் காலத்தில் அதற்கு அர்த்தம் இல்லாமல் போய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன். வெட்டியவர்கள் வாழ்ந்த வழக்கம் அதற்கு அர்த்தம் தந்தது. அந்த வழக்கத்தின் வழிவந்த தமிழ் உயிரோடு இருந்ததால் அதைத் திரும்பப் பிடிக்க முடிந்தது.

சிந்துவெளி முத்திரைகளின் நிலை வேறு. ஐராவதம் மகாதேவன் 1977இல் வெளியிட்ட தொகுப்பில் குறிகளும் அவை வரும் இடங்களும் முறையாக அட்டவணைப்படுத்தப்பட்டிருக்கின்றன. ஆனால் ஒரு பொறிப்பில் சராசரியாக ஐந்து குறிகள்தாம் வருகின்றன. ஒரே பக்கத்தில் அமைந்த மிக நீண்ட பொறிப்பிலும் 17 குறிகளே. மீன் வடிவக் குறியை 'மீன்' என்றே படித்து, அது விண்மீனைக் குறிக்கிறது என்று கொள்ளும் கருத்தை ஹீராஸ் பாதிரியாரும் பின்னர் அஸ்கோ பர்ப்போலாவும் முன்வைத்தனர். கவர்ச்சியான கருத்து, தமிழ் வாசகர்களுக்கு மிகவும் பிடித்தது, ஆனால் இன்னும் கருத்துதான். இவை மொழியை எழுதிய எழுத்தே அல்ல என்று ஸ்டீவ் ஃபார்மர், ரிச்சர்ட் ஸ்பிரோட், மைக்கேல் விட்செல் மூவரும் 2004இல் வாதிட்டார்கள். அவர்கள் சொல்வது சரியாகவே இருந்தாலும் முத்திரைகளுக்கு அர்த்தம் இல்லை என்று ஆகிவிடாது. விசிலும் வாகைப் பூவும் எழுத்தல்லாமலே அர்த்தம் உடையவை. ஆகையால் இங்கே இரண்டு கூற்றுகளைப் பிரித்தே வைக்க வேண்டும். இத்தனை ஊர்களில் இத்தனை ஒழுங்கோடு திரும்பத் திரும்பப் பொறிக்கப்பட்ட குறிகள் அந்த மக்களின் காரியங்களில் ஏதோ ஒரு வேலையைச் செய்தன என்பது ஒன்று, அது உறுதி. அந்த வேலை என்ன என்பது மற்றொன்று. ஒரு வாசிப்பு சரி என்பதற்கு அடையாளம், அதை அமைத்தவர் அதுவரை பார்த்திராத புதிய முத்திரை மண்ணிலிருந்து வரும்போது அதிலும் அது பொருந்தி அர்த்தம் தருவது. அந்தத் தேர்வில் எல்லோரும் ஏற்கும்படி எந்த வாசிப்பும் இன்னும் தேறவில்லை.